டர்னா, ரவுண்டா? முதலில் சொல்லைப் படியுங்கள்

மன்னார்குடியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஞாயிறுதோறும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நடக்கும்; ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு. 2014-இல் வந்த 5-ஆம் பதிப்பு. விதியில் தகராறு வந்தால் நான் சொல்வது ஒன்றுதான்: "ஞாபகத்திலேருந்து பேசாதே, புத்தகத்தை எடுத்து வாசி."

போன வாரம் ரோக் (பதுங்கித் தாக்கும் பாத்திரம்) ஆடும் தம்பி, தன் டர்னில் ஸ்னீக் அட்டாக் (கூடுதல் சேதம் தரும் அடி) போட்டுவிட்டான். பிறகு ஓகர் என்ற அரக்கன் அவன் பக்கத்திலிருந்து நழுவியது. ரியாக்‌ஷனில் — பிறர் செயலுக்கு உடனே செய்யும் பதில் செயலில் — தம்பி ஒரு குத்து விட்டான். அதற்கும் ஸ்னீக் அட்டாக் கேட்டான். "ஏமாத்துறடா!" என்று அத்தை மகன் எகிறினான். வாசித்தோம். டர்னுக்கு ஒருமுறை என்றுதான் இருக்கிறது, ரவுண்டுக்கு அல்ல. நம்மூர் முறைப்பாசனம் மாதிரி. உன் வயலுக்கு மடை திறந்திருப்பது டர்ன். எல்லா வயலும் பாய்ந்து முடிவது ரவுண்ட். ஓகர் நகர்ந்தது ஓகரின் டர்ன், ஆகவே செல்லும். சும்மா இல்லை: கையில் ஃபினெஸ் ஆயுதம் (கத்தி மாதிரி லாகவமானது) வேண்டும்; அட்வான்டேஜ் (இருமுறை உருட்டிப் பெரிய எண்ணை எடுப்பது) வேண்டும், இல்லாவிட்டால் டிஸ்அட்வான்டேஜ் (சிறிய எண்ணை எடுப்பது) இல்லாமல், ஓகருக்கு 5 அடிக்குள் அதன் இன்னொரு எதிரி தெம்பாக நிற்க வேண்டும். ரியாக்‌ஷனும் ஒன்றே ஒன்று. அடுத்த சொந்த டர்ன் தொடங்கினால்தான் திரும்பக் கிடைக்கும்.

பொது விதியோடு தனி விதி மோதினால் தனி விதியே ஜெயிக்கும். தாக்குதல் பகடையில் 1 விழுந்தால் அடி தவறும். ஹாஃப்லிங் என்ற குள்ள இனப் பாத்திரத்துக்கோ மறுபடி உருட்டலாம், ஆனால் இரண்டாவது எண்ணைத்தான் ஏற்க வேண்டும்.

புத்தகமே பேசாவிட்டால்? டீ ஆறும்வரை வாதாடாதீர்கள். டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) ஒன்றைச் சொல்லி ஆட்டத்தை நகர்த்தட்டும். எங்கள் தீர்ப்புகள் அப்பாவின் பழைய நெல் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் ஏறுகின்றன.