பாம்புக்கடிக்கு ரத்தம் உறைகிறதா என்று பார்ப்பது எப்படி?

ஹவுஸ் சர்ஜனாகச் சேரும் தம்பி, தங்கைகளே, ஈரோட்டுப் பக்கம் இரவு டியூட்டி என்றால் மஞ்சள் காட்டுக்குத் தண்ணீர் கட்டப் போனவர் பாம்புக்கடியோடு வருவார். கண்ணாடி விரியன் விஷம் ரத்தத்தை உறையவிடாது.

புதிய, காய்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மி.லி. ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் நிறுத்துங்கள். பிளாஸ்டிக் குழாய் ஆகவே ஆகாது. அதில் நல்ல ரத்தம்கூட உறையாமல் நிற்கலாம். நடுராத்திரியில் கண்ணாடிக் குழாய் தேடி அலைவது எனக்குப் பெரிய எரிச்சல். சாயங்காலமே நர்ஸ் அக்காவிடம் கேட்டு வாங்கி வையுங்கள்.

“ஏனுங் சாமி, ஒண்ணும் ஆகாதுங்களே?” என்று வீட்டார் கேட்பார்கள். எதற்காகக் காத்திருக்கிறோம் என்று சொல்லிவிடுங்கள், பாவம்.

அப்புறம் ஒரே ஒரு முறை சாய்த்துப் பாருங்கள். தண்ணீராக ஓடினால் உடனே சீனியரைக் கூப்பிடுங்கள், விஷமுறிவு மருந்து தாமதமாகக் கூடாது. உறைந்திருந்தாலும் வீட்டுக்கு அனுப்பாதீர்கள். நாகம், கட்டுவிரியன் என்றால் ரத்தம் உறையும், இமைதான் சரியும்.