அந்த பாக்டீரியா யுரேனியத்தைத் தின்பதில்லை

தென்னாப்பிரிக்காவின் எம்போனெங் தங்கச் சுரங்கத்தில், 2.8 கிலோமீட்டர் ஆழத்தில், பாறை விரிசலில் கசிந்த நீரில் டெசல்ஃபோரூடிஸ் ஆடாக்ஸ்வியேட்டர் என்ற பாக்டீரியா கிடைத்தது. அந்த நீரிலிருந்த நுண்ணுயிர்களில் 99.9 சதவீதத்துக்கும் மேல் இது ஒன்றுதான். 2008-ல் இதன் மரபணுத் தொகுதி வெளியானது. இதைப் பற்றிப் பேசும் பலரும் 'கதிரியக்கத்தைத் தின்னும் உயிர்' என்றே ஆரம்பிக்கிறார்கள். முதல் தவறு அங்கேயே.

அடுப்பில் நெருப்பு எரிந்தாலும் நாம் சாப்பிடுவது சோற்றைத்தானே? பாறையிலுள்ள யுரேனியம், தோரியம், பொட்டாசியம் சிதையும்போது வரும் கதிர்கள் விரிசல் நீரின் மூலக்கூறுகளை உடைக்கின்றன. ஹைட்ரஜன் வாயு உண்டாகிறது. கூடவே ஹைட்ரஜன் பெராக்சைடு போன்றவையும் உண்டாகின்றன. இந்த இரண்டாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பக்கத்தில் பைரைட் இருக்கும். தங்கம் மாதிரி மினுங்கி ஏமாற்றுமே, அந்த இரும்புக் கந்தகக் கனிமம். பெராக்சைடு அதைத் தாக்க, சல்பேட் பிறக்கிறது. ஹைட்ரஜன் பாக்டீரியாவுக்குச் சோறு என்றால், சல்பேட் அதற்கு மூச்சு. ஒன்று மட்டும் இருந்தால் பிழைக்க முடியாது.

சரி, பாறை அணு உலை போலக் கொதிக்கிறதா? இல்லை. சாதாரண கிரானைட்டில் யுரேனியம் பத்து லட்சத்தில் சில பங்குதான். ஆனால் யுரேனியம்-238-இன் அரை ஆயுள், அதாவது அதில் பாதி சிதைய ஆகும் காலம், சுமார் 447 கோடி ஆண்டுகள். அவசரமே இல்லாத அடுப்பு.

அப்புறம் ஹீலியம். யுரேனியமும் தோரியமும் சிதையும்போது வெளிவரும் ஆல்ஃபா துகள் இரண்டு எலக்ட்ரான்களைப் பிடித்தால் அது ஹீலியம் அணு. இதை எந்த உயிரும் உண்பதில்லை. நீரில் மெல்லச் சேர்ந்துகொண்டே போவதால் ஆய்வாளர்களுக்குக் கடிகாரமாக உதவுகிறது. கனடாவின் டிம்மின்ஸ் நகரச் சுரங்கத்தில் 2.4 கிலோமீட்டர் ஆழத்து நீர் நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழையது என்று 2013-ல் கணக்கிட்டது எதனுடனும் எளிதில் வினைபுரியாத இத்தகைய மந்த வாயுக்களை வைத்துத்தான். அது நீரின் வயது. அதில் வாழும் உயிருக்கும் அதே வயது என்பது, ஏரியின் வயதை மீனுக்குச் சொல்வது மாதிரி.

ஹைட்ரஜன் கிடைத்தாலே கதிரியக்கம்தான் காரணம் என்பதும் அவசர முடிவு. ஆலிவின் என்ற இரும்பு கலந்த பச்சைக் கனிமம் மிகுந்த பாறைகள் நீருடன் வினைபுரிந்தாலும் ஹைட்ரஜன் வரும்.

எனக்கு முக்கியமாகப் படுவது மாதிரி எடுப்பதில் நேரும் பிழை. துளையிட மேலிருந்து இறக்கும் நீரிலும் பாக்டீரியா உண்டு. அதனால் துளை நீரை நன்றாக ஓடவிட்ட பிறகே பிடிக்க வேண்டும். இறக்கிய நீரையும் தனியே சோதித்து ஒப்பிட வேண்டும்.