இங்க் பேனாவுக்குக் கேஸ் வாங்குமுன் ஒரு முழம் நூல் எடுங்கள்

பன்னிரண்டு பேனா கொள்ளும் என்று போட்டிருந்தார்கள். 850 ரூபாய் கொடுத்து வரவழைத்தேன். என்னிடம் இருந்த பன்னிரண்டில் ஐந்துதான் உள்ளே போயின. மீதி ஏழும் எலாஸ்டிக் பட்டையின் வாயில் முட்டிக்கொண்டு நின்றன. திருப்பி அனுப்பலாம் என்றால், அதற்குள் ஒன்றைப் பலவந்தமாகத் திணித்துப் பட்டையின் தையலை நானே பிரித்து வைத்திருந்தேன். இப்போது அந்தக் கேஸில் பென்சில்களும் வீட்டு ஸ்க்ரூடிரைவர்களும் சொகுசாகக் குடியிருக்கின்றன.

அதன்பிறகு இரண்டு கேஸ் வாங்கினேன், ஒன்றைத் தைத்துக்கொண்டேன். மூன்றும் ஒழுங்காக இருக்கின்றன. முதல் தடவை எங்கே சறுக்கினேன் என்று தெரிந்துகொண்டால் உங்களுக்கு அந்த 850 மிச்சம். மை நிரப்புவது, கழுவுவது, ஐட்ராப்பர் (உடலுக்குள்ளேயே நேராக மை ஊற்றும் பேனா) மரையில் சிலிக்கான் கிரீஸ் தடவுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: எத்தனை பேனா வெளியே போகும்?

வீட்டில் எத்தனை இருக்கிறது என்பதல்ல கேள்வி. காலையில் பையில் எத்தனை ஏறுகிறது? எனக்கு மூன்று. ஒன்று குறிப்பெடுக்க, ஒன்று கையெழுத்துப் போட, ஒன்று சும்மா ஆசைக்கு. அப்படியானால் மூன்று பேனா கேஸ்தான் வேண்டும். 24 பேனா கேஸ் என்பது வீட்டில் வைத்து விருந்தாளிக்குக் காட்டும் ஆல்பம். அதை முதுகில் சுமந்துகொண்டு பஸ் ஏறக்கூடாது. தவிர, காலி இலையைக் கண்டால் பரிமாறுகிறவர் கை சும்மா இருக்காது. கேஸில் காலி இடம் இருந்தால் உங்கள் கையும் அப்படித்தான், அடுத்த பேனாவைத் தேடும்.

படி 2: அளப்பது (இங்கேதான் விழுந்தேன்)

அந்தக் கேஸின் விவரத்தில் 'லூப் அகலம் 20 மி.மீ.' என்று தெளிவாகவே இருந்தது. என் திருவள்ளூர் எபோனைட் (கெட்டி ரப்பர்) பேனாவின் குறுக்களவு 16 மி.மீ. இருபதுக்குள் பதினாறு தாராளமாகப் போகும் என்று நினைத்தேன். என் கணக்கு வாத்தியார் பார்த்திருந்தால் காதைத் திருகியிருப்பார்.

அந்த 20 என்பது பட்டையைத் தட்டையாகக் கிடத்தி அளந்த அகலம். முன்பக்கம் 20, பின்பக்கம் 20. ஆக உள்சுற்றளவு 40 மி.மீ. அதை 3.14ஆல் வகுத்தால் 12.7 வருகிறது. இழுபடாமல் அந்தப் பட்டைக்குள் போகக்கூடிய பேனாவின் தடிமன் அவ்வளவுதான். என் பேனாவின் சுற்றளவோ 50 மி.மீ. பத்து மி.மீ. பற்றாக்குறை. இதில் பின்பக்கம் அட்டை, அது இழுபடாது. முன்பக்கத்து 20 மி.மீ. எலாஸ்டிக் ஒன்றே 30 ஆக நீண்டாக வேண்டும். நீளும்தான். ஒவ்வொரு தடவையும் பேனாவைத் திருகித் திருகி இறக்க வேண்டியிருக்கும், உருவும்போது மூடி மட்டும் கையோடு வரும், உடல் கேஸிலேயே நிற்கும். நிப் திறந்த நிலையில் அப்படி நின்றால் கேஸின் உள்துணி என்ன நிறமாகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இப்போது நான் செய்வது இது. பூ கட்டுகிற நூலில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளுங்கள். பாலியெஸ்டர் தையல் நூல் வழுக்கிக்கொண்டு போகும், பூ நூல் பேனாவோடு ஒட்டி நிற்கும். மூடியில் எந்த இடம் தடிமனோ அங்கே ஒரு சுற்று சுற்றுங்கள். கிளிப்பின் மேலாகவே சுற்றுங்கள், ஏனென்றால் பட்டையில் முதலில் முட்டப்போவது அதுதான். நூலின் நுனி வந்து தொடும் இடத்தை நகத்தால் பிடித்து, பிரித்து, அந்தத் துண்டை இரண்டாக மடித்து ஸ்கேலில் வையுங்கள். எவ்வளவு வருகிறதோ அதுதான் உங்களுக்கு வேண்டிய தட்டை அகலம். 3.14 வேண்டாம், வெர்னியர் வேண்டாம். என் பேனாவுக்கு 25 வந்தது, கிளிப்பையும் சேர்த்தால் 28.

எலாஸ்டிக் பட்டையானால் இந்த அளவைவிட இரண்டு மூன்று மி.மீ. குறைவாக இருப்பது நல்லது, பிடிமானம் கிடைக்கும். அதற்குமேல் குறைந்தால் வேண்டாம். தோல் அல்லது கேன்வாஸ் அறையானால் நான்கு மி.மீ. கூடுதலாகக் கேளுங்கள். துணியின் கனமும் தையலும் கொஞ்சம் தின்றுவிடும்.

நீளத்தில் குழப்பம் குறைவு. காவெகோ ஸ்போர்ட் என்ற குட்டிப் பேனா மூடியோடு பத்தரை செ.மீ. லாமி சஃபாரி ஏறத்தாழ 14. நம் ஊர்ப் பெரிய எபோனைட் பேனாக்களில் 15, 16 செ.மீ. சாதாரணம். விற்பவர்கள் போடுவது பெரும்பாலும் கேஸின் வெளி நீளம். ஜிப்பும் ஓரத்தையலும் போக உள்ளே ஒன்றரை, இரண்டு செ.மீ. குறையும். குட்டிப் பேனாவுக்கு வேறு பிரச்சினை: மேலும் கீழுமாக இரண்டு பட்டை இருக்கிற கேஸில் ஸ்போர்ட் ஒரு பட்டையை மட்டும் எட்டிப் பிடித்துக்கொண்டு ஆடும். அதற்கு உறை மாதிரி அடி மூடிய அறைதான் சரி.

படி 3: பையில் கேஸ் எப்படி நிற்கும்?

கேஸை எல்லாரும் கீறலுக்காக வாங்குகிறோம். ஆனால் பேனாவைத் திறந்ததும் விரல் நீலமாவது கீறலால் அல்ல, கேஸ் படுத்துக் கிடப்பதால். ஸ்பீடு பிரேக்கர் ஒவ்வொன்றும் படுத்திருக்கும் பேனாவைக் குலுக்கி மூடிக்குள் மை தெளிக்க வைக்கும். நிப் மேல்நோக்கி நின்றால் அந்தத் தொல்லை பாதிக்குமேல் போய்விடும். ஆகவே உங்கள் பையில் கேஸ் நெட்டுக்குத்தாக நிற்க ஓர் இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். என் தோள்பையின் முன்பாக்கெட்டின் உயரம் 18 செ.மீ. அதற்குமேல் உயரமான கேஸை நான் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

அடுத்தது சூடு. நான் ரொம்ப நாள் பையை ஸ்கூட்டர் டிக்கியில் போட்டுக்கொண்டு போனேன். டிக்கிக்கு அடியில் எஞ்சின், மேலே வெயில். ஐட்ராப்பர் பேனா 3 மி.லி. கொள்கிறது என்று வையுங்கள். அதில் 1 மி.லி. மைதான் மிச்சம், பாக்கி 2 மி.லி. காற்று. 30 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குப் போனால் காற்று சுமார் 5 சதவீதம் விரியும். அது 0.1 மி.லி. ஏறக்குறைய இரண்டு சொட்டு. நிப் கீழே இருந்தால் அந்த இரண்டு சொட்டும் மையாகத்தான் வெளியே வரும். மேலே இருந்தால் காற்று போகும், மை இருந்த இடத்திலேயே இருக்கும். எந்தக் கேஸும் இதைத் தடுக்காது, எத்தனை ஆயிரம் கொடுத்தாலும். கன்வெர்ட்டர் (உள்ளே செருகும் சின்ன மைக்குழாய்) போட்ட பேனாவில் மொத்தமே ஒரு மி.லி. அளவுதான் என்பதால் வம்பு குறைவு. ஐட்ராப்பர்க்காரர்கள் டிக்கியை மறந்துவிடுங்கள், அல்லது காலையில் கழுத்துவரை நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள். காற்றுக்கு இடமில்லை என்றால் விரிவதற்கும் ஒன்றுமில்லை.

படி 4: உள்ளே விரல் விட்டுப் பாருங்கள்

கடையில் நேரில் வாங்கினால் வெளித்தோலைத் தடவிப் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். உள்ளே விரல் விடுங்கள். ஜிப்பின் பற்கள் பேனாவின் மேல் உரசுமா? தையல் முடிச்சு துருத்துகிறதா? இரண்டு பேனாவுக்கு நடுவே தடுப்பு இருக்கிறதா? ஒரு பேனாவின் கிளிப்தான் அடுத்த பேனாவின் முதல் எதிரி. தடுப்பு இல்லாத கேஸ் பிடித்துவிட்டால் பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்து நடுவில் செருகிக்கொள்ளலாம். பலமுறை துவைத்த வேட்டியின் மென்மை எந்த மைக்ரோஃபைபருக்கும் வராது.

மெத்மெத்தென்று, புது மழைக்கோட்டு வாசனை அடிக்கிற பிளாஸ்டிக் உறை என்றால் வாங்காதீர்கள். பள்ளிக்கூட ஜியாமெட்ரி பாக்ஸை லீவு முடிந்து திறந்தால், அழிரப்பர் ஸ்கேலோடு ஒட்டிப்போய், பிய்த்தெடுத்த இடத்தில் ஸ்கேல் உருகின மாதிரி குழிந்திருக்குமே, ஞாபகம் இருக்கிறதா? அந்த ரப்பர் மிருதுவான பி.வி.சி. அதை மிருதுவாக்கச் சேர்த்த எண்ணெய்ப் பொருள் கசிந்து பக்கத்துப் பிளாஸ்டிக்கை இளக்கிவிடுகிறது. அதே பொருளாலான உறைக்குள் பிளாஸ்டிக் பேனாவை மாதக்கணக்கில் வைத்தாலும் அதே கதைதான்.

எபோனைட் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. எபோனைட் என்பது ரப்பரோடு கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கியது. வெள்ளி வேலைப்பாடு உள்ள பேனாவை அதனோடு ஒரே மூடிய கேஸில் நாள்கணக்கில் வைத்தால் வெள்ளி கருக்கும். வெயிலில் கிடந்தால் கறுப்பு எபோனைட்டும் பழுப்பேறும், அந்த வகையில் கேஸுக்குள் இருப்பது அதற்கு நல்லது.

படி 5: எந்த வகை?

என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். தினசரிக்கு, அடி மூடிய தனித்தனி அறையும் மேலே மடிந்து விழும் மூடியும் உள்ள மூன்று பேனா கேஸ். கெட்டியான தோல் அல்லது கனமான கேன்வாஸ். எலாஸ்டிக் பட்டை போட்ட ஜிப் கேஸ் எனக்குப் பிடிக்காது. சென்னை ஈரப்பதத்தில் எலாஸ்டிக் இரண்டு வருஷத்தில் நொய்ந்துவிடுகிறது.

சுருட்டிக் கட்டும் ரோல் பார்க்க அழகு. பைலட் பென்செம்பிள் ரோலை ஒரு நண்பரிடம் பார்த்துப் பொறாமைப்பட்டதுண்டு. ஆனால் கூட்டத்தில், யாரோ கையெழுத்துக்குக் காத்து நிற்கையில், நாடாவை அவிழ்த்துப் பாய் விரிப்பதுபோல் விரித்துப் பேனா எடுக்கும் பொறுமை எனக்கில்லை. மேஜையில் நிறுத்திவைக்கவும் வேண்டும் என்பவர்கள் கொகுயோவின் நியோகிரிட்ஸைப் பார்க்கலாம். ஜிப்பைத் திறந்து மேல்பாதியை இறக்கிவிட்டால் அதுவே பேனா ஸ்டாண்ட். ஒவ்வொரு பேனாவுக்கும் தனி அறை இல்லாததால் மாணவர்களின் முரட்டுப் பேனாக்களுக்கே அது சரி.

பணம் போட மனமில்லையா? பழைய மூக்குக் கண்ணாடிக் கூடு. பட்டென்று மூடும் கெட்டி வகை. உள்ளே மெத்தை இருக்கிறது, மேலே யாராவது உட்கார்ந்தாலும் தாங்கும். இரண்டு பேனா, நடுவில் வேட்டித் துணி. நீளம் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 6: மை வேண்டாம், தண்ணீர்

புதுக் கேஸோடு முதல் நாள் மை நிரப்பிக்கொண்டு போகாதீர்கள். பேனாவில் தண்ணீர் நிரப்பி, மூடிக்குள் டிஷ்யூ காகிதத்தைச் சின்னதாகச் சுருட்டிப் போட்டு, வழக்கமான பையில், வழக்கமான வழியில் ஒரு நாள் போய்வாருங்கள். சாயங்காலம் டிஷ்யூ காய்ந்திருந்தால் மறுநாள் மை. நனைந்திருந்தால் கேஸைத் திட்டுமுன் அது பையில் எப்படிக் கிடந்தது என்று பாருங்கள். என் முதல் சோதனையில் டிஷ்யூ கூழாகிவிட்டிருந்தது. மதியம் சாப்பாட்டு டப்பாவை எடுத்தபோது கேஸைத் தலைகீழாகச் செருகியிருந்தேன்.

பின்சேர்க்கை 1: கிளிப் இல்லாத பேனா அறைக்குள் அமிழ்ந்துபோய் எடுக்க வரவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். அறையின் அடியில் பஞ்சைத் திணித்தாராம், பஞ்சு மூடியின் மரையில் சிக்கிக்கொண்டதாம். பஞ்சு வேண்டாம். ஒரு விரல் அகல ரிப்பனை அறையின் பின்புறமாக இறக்கி, அடியில் மடக்கி, பேனாவுக்கு முன்னால் ஏற்றி வெளியே நீட்டிவிடுங்கள். ரிப்பனை இழுத்தால் பேனா எழும்பி வரும்.

பின்சேர்க்கை 2: விமானத்தில் எடுத்துப்போகலாமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். போகலாம். மேலே போனதும் கேபினுக்குள் காற்றழுத்தம் தரையில் இருப்பதில் முக்கால் பங்காகக் குறையும், அதாவது பேனாவுக்குள் இருக்கும் காற்று மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக விரியும். டிக்கியில் இரண்டு சொட்டு என்றால் இங்கே அரை மி.லி.க்கு மேல். முழுக்க நிரப்புங்கள் அல்லது முழுக்கக் காலி செய்யுங்கள். அரைகுறை கூடாது. விமானம் மேலே ஏறும்போது கேஸ் தலைக்குமேல் பெட்டியில் படுத்திருக்க வேண்டாம், முன்சீட்டுப் பையில் நிற்கட்டும்.

பின்சேர்க்கை 3: தாத்தாவின் பார்க்கர் வேக்குமாட்டிக்கைக் காற்றுப் புகாத டப்பாவில் வைத்திருப்பதாக ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். உடனே வெளியே எடுங்கள். 1933இல் வந்த அந்த வகைப் பேனாக்களின் உடல் செல்லுலாய்டு என்ற பழங்காலப் பிளாஸ்டிக். அதிலிருந்து மெல்ல வெளியேறும் வாயு உள்ளேயே அடைந்து கிடந்தால் செல்லுலாய்டையே அரிக்கும். காற்றாடும் துணிப்பை போதும். தோல் கேஸையும் மழைக்காலத்தில் பீரோவுக்குள் மறந்துவிடாதீர்கள், பத்து நாளில் வெள்ளையாகப் பூஞ்சை பூக்கும். துடைத்து, நிழலில் காயவைத்துவிட்டு உள்ளே வையுங்கள்.

பின்சேர்க்கை 4: நான் தைத்துக்கொண்ட கேஸ் பற்றிக் கேட்கிறவர்களுக்கு. எங்கள் தெருமுனையில் பள்ளிப்பை தைப்பவரிடம் கேன்வாஸும் வேட்டித் துணியும் கொடுத்து, மூன்று பேனாவுக்கும் மூன்று நூல்துண்டு கொடுத்தேன். நூல் எதற்கென்று அவருக்குச் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. மடித்து மிஷின் ஸ்கேலில் வைத்துப் பார்த்துவிட்டு, "தையலுக்குக் கால் அங்குலம் சேர்த்துக்கிறேன் சார்" என்றார். கூலி 120 ரூபாய்.