இரண்டாவது ஹாம் செற் வாங்கும்போது நாங்கள் விடுகிற பிழைகள்

2018 கிறிஸ்மஸுக்குச் சில நாள் முன்பு இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்த இரவை, கிளிநொச்சிப் பக்கம் இருந்த ஒருவரும் மறந்திருக்கமாட்டார்கள். கரண்ட் இல்லை, வீதியெல்லாம் தண்ணீர், போனில் ஒரு கோடு வரும், போகும். ஹாம், அதாவது பொழுதுபோக்கு ரேடியோ அனுமதிப்பத்திரம் வைத்திருக்கிறவர்கள் இரண்டாவது செற் ஒன்றைப் பற்றி யோசிப்பது இப்படியான இரவுக்காகத்தான். மேசையில் இருக்கிற பெரிய செற் இடியில் போனாலோ, அதற்குக் கொடுக்கக் கரண்ட் இல்லாவிட்டாலோ கையில் எடுக்க இன்னொன்று வேண்டும். ஆனால் வாங்கப்போகும்போது அந்த இரவை மறந்துவிட்டு, கடைக்காரர் காட்டுகிற திரையையும் வோட்ஸ் கணக்கையும் பார்த்துக் காசைக் கொடுத்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் கொடுத்தேன்.

பற்றரியை யோசிக்காமல் வோட்ஸை வாங்குவது

நான் முதலில் உபரியாக வாங்கியது பழைய 100 வோட்ஸ் பெட்டி ஒன்று. மலிவாக வந்தது. ஒரு மாரி இரவில் கரண்ட் போனதும், தோட்டத்துக்கு மருந்தடிக்கிற மெஷினின் பற்றரியைக் கழற்றி வந்து கொழுவினேன். 12 வோல்ட், 8 அம்பியர்-மணி. கேட்பது நன்றாகக் கேட்டது. மைக்கை அமத்திக் கதைக்கத் தொடங்கினேன். திரை ஒருமுறை சிமிட்டிவிட்டு அணைந்தது. விட்டால் திரும்ப வரும், அமத்தினால் போகும். பற்றரி பழுதென்று அதைத் திட்டிக்கொண்டு இருந்தேன். பிழை என்னுடையது.

100 வோட்ஸ் ஹாம் செற்றுகளில் பெரும்பாலானவை 13.8 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டவை. அதிலிருந்து 15 வீதம் கூடலாம், குறையலாம் என்று கைநூலில் போட்டிருக்கும். அதாவது 11.7 வோல்ட்டுக்குக் கீழே போனால் செற் பொறுப்பில்லை. முழு வலுவில் அனுப்பும்போது அது 20 அம்பியர் அளவு இழுக்கும். சின்ன ஈயப் பற்றரியில் 20 அம்பியர் இழுத்தால் வோல்ட் உடனே சரிந்துவிடும். இதில் வயரும் தன் பங்கை எடுக்கிறது. 1 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரை 3 மீற்றர் நீளத்துக்குப் போட்டால், போக 3, வர 3 என்று 6 மீற்றர். 20 அம்பியருக்கு அந்த வயரிலேயே 2 வோல்ட் தொலைந்துவிடும். நல்லாய்ச் சார்ஜ் ஏறிய பற்றரிகூட இந்த வயரால் தோற்கும். நான் கொழுவியது இதைவிட மெல்லிய வயர், அதையும் சொல்லிவிடுகிறேன்.

100 வோட்ஸிலிருந்து 20 வோட்ஸுக்கு இறங்கினால் மற்றப் பக்கத்தில் இருப்பவரின் மீற்றரில் 7 டெசிபெல் குறையும், அதாவது சமிக்ஞையின் பலத்தைக் காட்டுகிற முள் எஸ் என்று குறித்த படி ஒன்றுக்குக் கொஞ்சம் கூடுதலாக இறங்கும். முல்லைத்தீவிலிருந்து வவுனியாவுக்குக் கதைக்க அது பெரிய இழப்பில்லை. பற்றரிக்கோ அது உயிர்.

கதைப்பதை மட்டும் கணக்குப் பார்ப்பதும் இதோடு சேர்ந்த பிழை. அவசர நேரத்தில் பத்து நிமிடம் கதைத்தால் பல மணிநேரம் கேட்டுக்கொண்டிருப்போம். ஐகொம் 7300 என்கிற 100 வோட்ஸ் மேசைச் செற் சும்மா கேட்டுக்கொண்டிருக்கவே 0.9 அம்பியர் எடுக்கும். மேலே சொன்ன 8 அம்பியர்-மணி ஈயப் பற்றரியில் பாதியைத்தான் நம்பிச் செலவழிக்கலாம் என்று வைத்தால், நாலரை மணிநேரத்தில் கதை முடிந்தது. 0.4 அம்பியரில் கேட்கிற சின்னச் செற் அதே பற்றரியில் பத்து மணிநேரம் நிற்கும், விடியும்வரை போதும். போர்க்காலத் தடையால் பற்றரி வன்னிக்குள் வராத தொண்ணூறுகளில், சைக்கிளின் பெடலைக் கையால் சுற்றி டைனமோவில் ரேடியோக் கேட்டவர்கள் நாங்கள். கரண்ட் எங்கிருந்து வரும் என்று முதலில் கேட்கிற பழக்கம் எங்களுக்கு இருந்ததுதான். கடைக்குப் போனதும் அது எங்கே போகிறதோ தெரியவில்லை.

பற்றரியே புதிதாக வாங்குகிறீர்கள் என்றால் நான்கு செல் லிதியம் இரும்புப் பொஸ்பேற் வாங்குங்கள். பாரம் தந்தாலும் 13 வோல்ட்டை ஒட்டியே நிற்கும். மூன்று செல் சாதாரண லிதியம் 11.1 வோல்ட், அது பெரிய செற்றுகளுக்குச் சரிவராது.

வோக்கி போதும் என்று நினைப்பது

பாவோஃபெங் யூவி-5ஆர் போன்ற கைச்செற்றுகள் மலிவு. ஊரில் பழைய ஞாபகத்தில் எல்லாவற்றையும் வோக்கி என்றே சொல்வோம். அதை உபரிச் செற் என்று வாங்கி வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் அதிகம். 144 மெகாஹேர்ட்ஸ் அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில்தான் போகும். சமதரையில் நின்று கையில் பிடித்துக் கதைக்கிற இரண்டு பேருக்குக் கணக்குப்படி 10 கிலோமீற்றர் வரும். இடையில் முதிரையும் பாலையும் நிற்கிற காடு வந்தால் அதில் பாதிகூடக் கிடைக்காது. இரண்டு பக்கமும் 10 மீற்றர் கம்பத்தில் அன்ரனா வைத்தால் 26 கிலோமீற்றர். கிளிநொச்சிக்கும் வவுனியாவுக்கும் இடையில் ஏறத்தாழ 70 கிலோமீற்றர் இருக்கிறது. வன்னியில் ஏறி நின்று கதைக்க மலையும் இல்லை. உயரத்தில், கேட்டதைத் திரும்ப அனுப்புகிற ரிப்பீற்றர் இருந்தால் தூரம் கூடும், சரி. ஆனால் அதற்கும் அங்கே கரண்ட் இருக்க வேண்டும்.

கைச்செற் கூடாது என்று சொல்லவில்லை. வெள்ளத்துக்குள் போகிற ஆளுக்கும் பாடசாலைக் கட்டடத்தில் இருக்கிற ஆளுக்கும் அதைவிட வசதியானது இல்லை. மாவட்டம் தாண்டிக் கதைக்கத்தான் ஷோர்ட்வேவ் (சிற்றலை, 3 முதல் 30 மெகாஹேர்ட்ஸ்) வேண்டும். 2004 சுனாமியில் அம்பாந்தோட்டைப் பக்கம் தொலைபேசி செத்துக் கிடந்தபோது, ரேடியோ சொசைட்டி ஒஃப் ஸ்ரீலங்காவின் ஹாம்கள் கொழும்போடு கதைத்தது ஷோர்ட்வேவில்தான்.

அதற்கு உயரமான கோபுரமும் வேண்டாம். 7 மெகாஹேர்ட்ஸுக்கு ஒரு பக்கம் 10 மீற்றராக இரண்டு வயர், நடுவில் கோஅக்ஸ் கேபிள். நடுவை ஒரு கம்பத்தில் ஆறேழு மீற்றர் உயரத்துக்குத் தூக்கி, இரண்டு நுனியையும் வேலிக் கதியாலுக்கு இழுத்துக் கட்டினால் சரி. இப்படித் தாழ்வாகக் கட்டினால் அலை செங்குத்தாக மேலே போய், அயன்மண்டலத்தில் பட்டு, மழைபோலச் சுற்றிவர நூற்றுக்கணக்கான கிலோமீற்றருக்கு இறங்கும். காடு குறுக்கே நின்றாலும் ஒன்றும் செய்யாது. இரவு ஏறி 7 மெகாஹேர்ட்ஸில் பக்கத்து ஆட்கள் மறைந்துவிட்டால் 3.5க்கு இறங்க வேண்டும். அதற்கு வயர் இரட்டிப்பு நீளம். செற்றுக்கு எல்லாக் காசையும் கொடுத்துவிட்டு அன்ரனாவுக்கு ஒன்றும் மிச்சம் வைக்காமல் வருகிறவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டுப்படுகிறார்கள்.

பனையில் கட்டலாமா என்று கேட்பார்கள். கட்டலாம். இடி முழங்கினால் கேபிளைக் கழற்றி வீட்டுக்கு வெளியே போடுங்கள். ஐப்பசி இடியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

கெட்டிக்காரச் செற்

லப்ரொப் இல்லாமல் ஓடாத செற்றை உபரிக்கு வாங்காதீர்கள். லப்ரொப்புக்கும் ஒரு பற்றரி வேண்டும். கணினி வழியாகக் குட்டிக் குட்டிச் செய்தி அனுப்புகிற எஃப்.ரி.8 முறை குறைந்த வலுவில் அற்புதமாகப் போகும், உண்மைதான். ஆனால் கணினியின் நேரம் ஒரு செக்கனுக்குள் சரியாக இருக்க வேண்டும், அதை வைத்து ஒரு வீட்டில் எத்தனை பேர், என்ன மருந்து வேண்டும் என்று விளக்கிச் சொல்லவும் முடியாது. மோர்ஸ் மட்டும் அனுப்புகிற, நாங்களே பூட்டுகிற சின்னக் கிற் செற்றுகள் விலை குறைவு, பற்றரிக்கும் நல்லது. மோர்ஸ் தெரியாதவருக்கு அது வெறும் பெட்டி.

இருட்டில் ரோச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு அலைவரிசை மாற்ற முடிகிறதா, வலுவைக் குறைக்க முடிகிறதா என்று பாருங்கள். மூன்று மெனுவுக்குள் புகுந்தால்தான் முடியும் என்றால் அந்தச் செற் உங்களுக்கில்லை. ஐகொம் 718 பழைய மாடல், அழகில்லை, ஆனால் வேண்டிய பொத்தான் முகத்திலேயே இருக்கும். 100 வோட்ஸ் என்றாலும் வலுவைக் குறைத்துப் பாவிக்கலாம். சியெகு ஜி90 20 வோட்ஸ், அன்ரனாவைச் செற்றோடு பொருத்திக் கொடுக்கிற ரியூனர் உள்ளேயே இருப்பதால் காற்றில் வயர் சரிந்து கிடந்தாலும் சமாளிக்கும், 10.5 வோல்ட்வரை இறங்கி நிற்கும் என்பது எங்கள் பற்றரிகளுக்கு நல்ல சேதி. யாயெசுவின் எஃப்.ரி. 818 இன்னும் பொறுமைசாலி, 8 வோல்ட்டிலும் ஓடும்; 6 வோட்ஸ்தான், கம்பனி இப்போது அதைச் செய்வதில்லை, பழையதாகத்தான் எடுக்க வேண்டும். ஹைதராபாத் அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த யூபிட்எக்ஸ் செற் 7 மெகாஹேர்ட்ஸில் 10 வோட்ஸ் அளவு தரும். சொல்டரிங் அயன் பிடிக்கத் தெரிந்தால் அதைத் திறந்து திருத்தவும் முடியும், கொழும்புக்கு அனுப்பவேண்டியதில்லை. என்னைக் கேட்டால், கை நடுங்காதவருக்கு அது, மற்றவர்களுக்கு ஜி90.

பழைய செற் எடுக்கும்போது

வெறுமனே போட்டுக் காட்டினால் போதாது. டம்மி லோட்டும் (அன்ரனாவுக்குப் பதிலாகக் கொழுவிச் சோதிக்கிற பெட்டி) வோட்ஸ் மீற்றரும் கொண்டுபோய் ஒவ்வொரு பட்டையிலும் அனுப்பிப் பாருங்கள். கேட்பது நன்றாக இருந்து, அனுப்புகிற டிரான்சிஸ்டர்கள் செத்துப்போன செற்றுகள்தான் மலிவாக வரும். 10 மெகாஹேர்ட்ஸில் சீனாவின் பி.பி.எம். நிலையம் அனுப்புகிற நேரச் சமிக்ஞை கேட்டால், அதை வைத்துச் செற்றின் அலைவரிசை விலகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். மைக் வயரை வளைத்துப் பாருங்கள். இருக்கிற செற்றின் பவர் பிளக்கும் இதன் பிளக்கும் ஒன்றா என்று பாருங்கள். ஒரே கம்பனியின் இரண்டு மாடலுக்கே வேறுவேறாக இருக்கும்.

கடைசியில் யோசிக்கிற அனுமதி

1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டப்படி, அனுமதிப்பத்திரம் இல்லாமல் ரேடியோ அனுப்பும் கருவி பாவிக்க முடியாது. இறக்குமதிக்கும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும். இணையத்தில் மலிவாகக் கண்டு அழுத்திவிட்டு, சுங்கத்திலிருந்து கடிதம் வந்த பிறகு ஓடுவது வீண் அலைச்சல். அவசரமென்றால் யாரும் எதிலும் கதைக்கலாம் என்று வெளிநாட்டு வீடியோக்களில் சொல்வதை இங்கே நம்பவேண்டாம். மலிவுக் கைச்செற்றுகள் பல, ஹாம் பட்டைக்கு வெளியேயும் தடையில்லாமல் அனுப்பும். விரல் தவறினால் யாருடைய அலைவரிசையில் போய் நிற்பீர்கள் என்று தெரியாது. வோக்கியோடு பிடிபட்டால் என்ன நடக்கும் என்பது எங்கள் தலைமுறைக்கு யாரும் படிப்பித்துத் தெரியவேண்டியதில்லை. 4எஸ்7 என்று தொடங்கும் அழைப்புக்குறியுள்ள பத்திரத்தின் பிரதியை மழை படாத உறையில் செற்றோடு வையுங்கள்.

வீட்டில் சோலார் இருந்தால் இன்னொரு சோதனை. மத்தியான வெயிலில் செற்றைப் போட்டு 7 மெகாஹேர்ட்ஸைக் கேளுங்கள். மலிவு சார்ஜ் கொன்றோலர்கள் பல, வண்டு குடைவதுபோல ஓர் இரைச்சலை அனுப்பிக்கொண்டே இருக்கும். மற்ற ஆளின் குரல் அதற்குள் புதைந்துவிடும். கொன்றோலரைக் கழற்றினதும் அமைதியானால் பழி செற்றில் இல்லை. பகலில் சார்ஜ் ஏற்றுங்கள், கதைக்கும்போது கழற்றிவிடுங்கள்.

அப்புறம், வாங்கிய செற்றைப் பெட்டியோடு அலுமாரிக்கு மேலே வைத்துவிடாதீர்கள். மாதம் ஒரு ஞாயிறு பெரிய செற்றைத் தொடாமல் இதிலேயே, பற்றரியிலேயே கதையுங்கள். நான் ஒரு வருடம் தொடாமல் வைத்துவிட்டு எடுத்தபோது மைக் ஓட்டைக்குள் எறும்பு குடியிருந்தது, பின்பக்க விசிறியில் பல்லி இரண்டு முட்டை விட்டிருந்தது. எறும்பை ஊதிவிட்டேன். முட்டைகளை எடுத்து வெளியே வைத்த பிறகுதான் விசிறி சுற்றியது.