மூன்றே நாளில் உரிந்த வினைல்

குளச்சலில் ஒரு பேக்கரிச் சுவருக்கு 10 அடிக்கு 6 அடி வினைல் (பின்பக்கம் பசை உள்ள, படம் அச்சிட்ட பிளாஸ்டிக் தாள்) ஒட்டிக் கொடுத்தேன். மூன்றாம் நாளே மேல் மூலை நாக்கை நீட்டிவிட்டது. ரோல் விற்றவரைப் போனில் திட்டினேன். பாவம், அவர் மேல் தப்பே இல்லை. உரிந்த ஓரத்தைத் திருப்பிப் பார்த்தால் பசை முழுக்க வெள்ளை மாவு. சுவரைத் தேய்த்தேன், உள்ளங்கையும் வெள்ளை. பழைய டிஸ்டம்பர், சுண்ணப்பொடி கலந்த மலிவு பெயின்ட். வினைல் சுவரைப் பிடிக்கவில்லை, மாவைத்தான் பிடித்திருக்கிறது.

முழுதும் உரித்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, துடைத்து, பிரைமர் அடித்து, மேலே அக்ரிலிக் எமல்ஷன் இரண்டு கோட். எங்கள் பக்கம் ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை, கடல் காற்று வேறு. மூன்று வாரம் காயவிட்டேன். "அண்ணாச்சி, ஓணம் வந்துரும்" என்று பேக்கரிக்காரர் முணுமுணுத்தார்.

இந்த முறை தண்ணீர் தெளிக்கவில்லை. படத்தின் நடுவே மாஸ்கிங் டேப்பால் நிறுத்தி, ஒரு பாதியின் பின்தாளை மட்டும் உரித்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு ஸ்குவீஜி என்ற தட்டைத் தேய்ப்பானால் தள்ளினேன். அப்புறம் மறுபாதி. குமிழியை ஊசியால் குத்தி அமுக்கினேன். ஓரங்களுக்கு மட்டும் சூடான காற்று ஊதும் ஹீட் கன், லேசாக.

மழை முடிந்தும் மூலை அசையவில்லை. சுவிட்ச் பெட்டியோரம் வெட்டியதுதான் கோணல்; அங்கே பேக்கரிக்காரர் காலண்டரைத் தொங்கவிட்டிருக்கிறார்.