ஜப்பானிய நிற மைகள்: பேனாவில் ஏற்றும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பைலட் நிறுவனம் 2007-இல் வெளியிட்ட இரோஷிசுகு, செய்லர் நிறுவனத்தின் ஷிகியோரி, கியோட்டோவின் பழைய நிறங்களைப் புட்டியில் அடைத்துத் தரும் கியோ-நோ-ஓதோ. ஜப்பானிய நிற மை என்றதும் ஆசைப்பட வைக்கும் பெயர்கள் இவை. ஆசை நிறத்தின் மேல்; ஃபவுண்டன் பேனாவுக்குள் போவதோ ஒரு திரவம். அது எந்த வகைத் திரவம் என்று பார்க்காமல் வாங்குவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்தே கிளைக்கின்றன.

இரோஷிசுகுவும் ஷிகியோரியும் சாய மைகள். சாயம் தண்ணீரில் கரைந்திருக்கிறது. பேனாவில் காய்ந்தாலும் தண்ணீர் பட்டால் பெரும்பாலும் மீண்டும் கரையும். செய்லரின் கிவா-குரோ, செய்-போகு, பிளாட்டினம் என்ற பேனா நிறுவனத்தின் கார்பன் பிளாக் ஆகியவை நிறமி மைகள். இவற்றில் நுண்துகள்கள் மிதக்கின்றன. காய்ந்துவிட்டால் தண்ணீரில் எளிதில் கரையாது. பிளாட்டினம் கிளாசிக் வரிசையின் ஆறு நிறங்களும் இரும்பு கலந்த அமில மை. எழுதும்போது வெளிறித் தெரிந்து, காற்றுப் பட்டபின் கறுக்கும். எழுதியதுமே “நிறம் சரியில்லை” என்று புட்டியை ஓரங்கட்ட வேண்டாம், மறுநாள் பாருங்கள்.

ஜப்பானியத் தூரிகை எழுத்துக்கான புட்டி மையை, அதாவது போகுஜுவை, ஃபவுண்டன் பேனாவில் ஊற்றுவதுதான் எல்லாவற்றிலும் மோசமான தவறு. அதில் விலங்குப் பசையோ செயற்கைப் பிசினோ கலந்திருக்கும். நிப்புக்கு அடியில் உள்ள கட்டையின் மெல்லிய வாய்க்காலில் அது இறுகினால் பேனா ஏறக்குறைய போனதுதான். கண்ணாடிப் பேனாவுக்கென்று விற்கும் மினுமினுப்புத் துகள் மைகளிலும் எச்சரிக்கை தேவை. தொட்டு எழுதிவிட்டுக் கழுவும் கருவிக்குப் பொருந்துவது, நாள்கணக்கில் மையைத் தாங்கி நிற்கும் பேனாவுக்குப் பொருந்த வேண்டும் என்பதில்லை. ‘ஃபவுண்டன் பேனாவுக்கு ஏற்றது’ என்று பெட்டியில் இல்லையென்றால் தொடாதீர்கள்.

இனி நிறம். திரையில் பார்த்த படத்தை நம்பித் தேர்ந்தெடுப்பது ஒரு ஏமாற்றம்; பஞ்சுக் குச்சியால் தீற்றிய மாதிரியை நம்புவது அடுத்தது. பஞ்சு விடும் மை, நிப் விடுவதைவிடப் பல மடங்கு அதிகம், அதனால் நிறம் அடர்ந்து காட்டும். போதாக்குறைக்கு ஜப்பானிய எஃப் (மெல்லிய) நிப் பெரும்பாலான ஐரோப்பிய எஃப் நிப்பைவிட மெலிது. சாம்பல், இளம்பச்சை போன்ற மென்னிறங்கள் அந்த மெல்லிய கோட்டில் படிக்கவே முடியாமல் போகலாம். ஒரே எழுத்துக்குள் அடர்த்தி ஏறி இறங்குவதைப் பார்க்க எம் (நடுத்தர) அல்லது பி (அகல) நிப் வேண்டும்.

கழுவிய பேனாவை ஈரம் போகாமல் நிரப்பினாலும் இதே குழப்பம்தான். கட்டையில் தங்கிய தண்ணீர் முதல் பக்கத்தை வெளிறச் செய்யும். மூடி சரியாகப் பொருந்தாத பேனாவிலோ நேர்மாறாக, சில வாரங்களில் தண்ணீர் ஆவியாகி மை தடிக்கும். புட்டியில் இருக்கும் நிறம் அப்போது பேனாவில் இருக்காது.

செய்லரின் யமா-தோரி பச்சை கலந்த நீலம். அதன் மேல் செம்மினுக்கம் தெரியும். சாயம் காகிதத்துக்குள் இறங்காமல் மேற்பரப்பில் தேங்கி உலர்வதால் வருவது இது. சதுர மீட்டருக்கு 52 கிராம் எடையுள்ள தோமோயே ரிவர் போன்ற மை உறிஞ்சாத தாளில் நன்றாகத் தெரியும். நகல் எடுக்கும் தாளில் தேடினாலும் கிடைக்காது. அவசரப்பட்டு மையொற்றும் தாளை வைத்தால் தேங்கிய மையோடு மினுக்கமும் போய்விடும். தானாக உலர விடுங்கள். உலர்ந்த பிறகும் வியர்த்த கை பட்டால் இழுக்கும். எழுதும் கைக்கு அடியில் ஒரு துண்டுத் தாள் வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டு மைகளைக் கலந்து பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அமிலமும் காரமும் சேர்ந்தால் சாயம் திரிந்து அடியில் படியலாம். கலப்பதற்கென்றே பிளாட்டினத்தில் மிக்ஸ் ஃப்ரீ என்று 9 நிறங்கள் உள்ளன, அவற்றோடு நில்லுங்கள். மற்றவற்றைக் கலந்தே தீர வேண்டுமென்றால், சில சொட்டுகளை மட்டும் ஒரு சிறு கண்ணாடிக் குப்பியில் கலந்து ஒரு நாள் மூடி வையுங்கள். அடியில் வண்டலோ மேலே ஏடோ தெரிந்தால் கொட்டிவிடுங்கள்.

கழுவும் முறை எளிது: அறை வெப்பநிலைத் தண்ணீரை, வெளியே வருவது தெளியும்வரை கன்வெர்ட்டரால் (பேனாவுக்குள் மையை உறிஞ்சி வைக்கும் குழாயால்) இழுத்துத் தள்ள வேண்டும். பிறகு நிப் பகுதியை இரவு முழுக்கத் தண்ணீரில் நிறுத்தி, மறுநாள் டிஷ்யூவில் நிப் கீழ்நோக்கி இருக்க உலர விடுங்கள். வெந்நீர் கட்டையை வளைக்கும். ஸ்பிரிட் பேனா உடலின் பிளாஸ்டிக்கில் விரிசல் விழச் செய்யும். பிடிவாதமான சாயக் கறைக்கு, பத்துப் பங்கு தண்ணீரில் ஒரு பங்கு வீட்டு அமோனியா, ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம். ப்ளீச்சை அமோனியாவோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள். நச்சு வாயு வரும். நிறமி மையோ இரும்பு மையோ போட்ட பேனாவைப் பயன்படுத்தாமல் வாரக்கணக்கில் கிடத்தக் கூடாது. இரும்பு மையிலிருந்து வேறு மைக்கு மாறும்போது இடையில் தண்ணீரால் நன்றாகக் கழுவியே ஆக வேண்டும்.

காசோலை, பத்திரம் போன்றவற்றில் சாய மையால் கையெழுத்திடாதீர்கள். தண்ணீர் பட்டால் கலையும், வெயிலில் மங்கும். அங்கே நிறமி மைதான் சரி.

பைலட், செய்லர், பிளாட்டினம் மூன்றின் கன்வெர்ட்டரும் வெவ்வேறு. ஒன்றை மற்றொன்றில் அழுத்திச் செருகினால் கசியும். பேனாவில் மீந்த மையைப் புட்டிக்கே திருப்பி ஊற்றுவதையும் விட்டுவிடுங்கள்; பூஞ்சை அப்படித்தான் ஏறுகிறது. மேலே வெள்ளை ஏடோ நூல் போன்ற இழையோ தெரிந்தால் வடிகட்டிக் காப்பாற்றப் பார்க்காமல் முழுப் புட்டியையும் கொட்டிவிட்டு, அந்த மை பட்ட பேனாக்கள் எல்லாவற்றையும் கழுவுங்கள்.