பெரம்பூரில் ஒரு மங்கோலிய மாலை நடத்த

ஜூலை 11 முதல் 13 வரை மங்கோலியாவில் நாதாம் திருவிழா: மல்யுத்தம், குதிரைப் பந்தயம், வில்வித்தை. அதையொட்டி வரும் ஞாயிறு மாலைக்கு எங்கள் குடியிருப்பின் ஹாலை முன்கூட்டியே பிடித்துவைப்பேன். முதல் வருடம் செங்கிஸ்கானைப் பற்றித் திரையில் படம் காட்டி 40 நிமிடம் பேசினேன். பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தண்ணீர் குடிக்கப் போனார்கள், ஒருவரும் திரும்பவில்லை. பேச்சைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு, கைக்கும் காதுக்கும் வேலை கொடுங்கள்.

கைக்கு ஷாகாய். ஆட்டின் கணுக்கால் எலும்பை உருட்டும் விளையாட்டு. கறிக்கடையில் பத்து நாள் முன்பே சொல்லிவையுங்கள். "பாயாவுக்கா அம்மா?" என்றார் கடைக்காரர். "விளையாட" என்றதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். குக்கரில் வேகவைத்து, சவ்வைச் சுரண்டி, சோப்புத் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவிட்டு, மொட்டை மாடியில் காயவையுங்கள். மேலே வலை போட மறக்காதீர்கள். காக்கை என்னிடமிருந்து மூன்றைத் தூக்கிப் போயிற்று. எலும்பின் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு விலங்கின் பெயர்: அகலமான பக்கங்களில் மேடானது செம்மறி, குழிந்தது வெள்ளாடு. குறுகிய பக்கங்கள் குதிரையும் ஒட்டகமும். நான்கு எலும்புகளை உருட்டி, நான்கும் வெவ்வேறாக விழுந்தால் அதிர்ஷ்டம். தாயம் ஆடிப் பழகிய பாட்டிகளை நடுவராக்குங்கள். அவர்களிடம் அழுகுணி ஆட்டம் எடுபடாது.

காதுக்கு ஹூமி என்ற மங்கோலியத் தொண்டைப் பாட்டு. ஒரே தொண்டையில் அடியில் ஒரு சுருதி நிற்க, அதன் மேல் சீழ்க்கை போல இன்னொரு மெட்டு ஓடும். ஒலிப்பதிவை எடுத்தவுடன் போட்டால் யாரோ புல்லாங்குழல் வாசிப்பதாகவே சபை நினைக்கும். முதலில் தம்புரா மீட்டச் சொல்லுங்கள். நன்றாகச் சுருதி சேர்ந்த தம்புராவின் மந்தரத் தந்தியில், அதாவது தாழ்ந்த ஸட்ஜத் தந்தியில், அந்தர காந்தாரம் என்ற மேல் ஸ்வரம் தானாக எழும். அதைப் பிடித்துக்கொண்ட காதுக்கு ஹூமி உடனே பிடிபடும். பிறகு மொரின் ஹூர்: குதிரைத் தலை செதுக்கிய, இரண்டே தந்திகள் கொண்ட வில்வாத்தியம். மரபுப்படி தந்தியும் குதிரை மயிர்தான். 2008-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

தேல் என்ற நீண்ட அங்கியைத் தைக்கச் செலவிடாதீர்கள். நம் ஊர் ஜூலையில் அதைப் போட்டுக்கொண்டு நிற்பவர் பாவம்.

மங்கோலியத் தேநீரில் பாலும் உப்பும் உண்டு, சர்க்கரை கிடையாது. சொல்லாமல் கொடுத்தால் பால் திரிந்துவிட்டதென்று டம்ளரை ஓரமாக வைத்துவிடுவார்கள். மோரை நினைத்துக்கொண்டு குடிக்கச் சொல்லி, அரை டம்ளர் மட்டும் ஊற்றுங்கள்.

கிளம்பும்போது எலும்புகளை எண்ணி வாங்குங்கள். போன முறை நான் கொடுத்தது 20, திரும்பி வந்தது 13.